சாஃப்ட்பால் வீசும்போது கை வியர்த்து வழுக்குகிறது, ரோசின் பூசலாமா?

தாராளமாகப் பூசலாம், ஆனால் கையில் மட்டும். பந்தில் எதையும் தடவக் கூடாது. ரோசின் என்பது பைன் மரப் பிசினின் பொடி. விரல் ஈரத்தோடு கலந்ததும் லேசாக ஒட்டும். பந்தின் தையலை விரல்நுனி பிடித்துச் சுழற்ற அந்த ஒட்டலே போதும். 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்து சின்னக் கைகளில் சுலபமாக நழுவும் என்பதால் எனக்கு இது அவசியமாகவே படுகிறது.

அதிகம் பூசினால் வேறு தொல்லை. சாஃப்ட்பாலில் கையைக் கீழிருந்து சுழற்றி வீசுவதால் பந்து இடுப்பருகே விடுபட வேண்டும். விரலில் ஒட்டிக்கொண்டு ஒரு கணம் தாமதித்தாலும் உயரப் பறந்துவிடும். அதனால் ரோசின் பொடி அடைத்த சின்னத் துணிப்பையை ஒருமுறை தட்டி, உள்ளங்கையைத் துடைத்துவிட்டு, விரல்நுனியில் மட்டும் பொடியை விடுங்கள். விரலை எச்சில்படுத்தினால் பந்தைத் தொடுமுன் துடைத்துவிடுங்கள். பசை, ஸ்ப்ரே போன்றவற்றுக்கு போட்டியை நடத்தும் அமைப்புக்கு அமைப்பு விதி மாறும். ஆட்டம் தொடங்குமுன் நடுவரிடம் காட்டிக் கேளுங்கள்.