அதிகாரத்தில் இருப்பவர்கள் நசுக்கும்போது கடவுள் பேசாமலே இருந்தால், அவரை எப்படி நம்புவது?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள்மேலும் யாரோ அநியாயமாகக் கை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இறையியல் படித்தவன் அல்ல நான். பதினான்கு மாத இடைநீக்கத்தில், விவிலியத்தில் எஸ்தர் என்ற யூதப் பெண்ணின் கதையைச் சொல்லும் எஸ்தரின் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவன், அவ்வளவே.

ஒரு நூற்பாலையில் கிடங்கு எழுத்தராக இருந்தபோது, நூல் மூட்டைகள் குறைவதாகச் சொல்லி என்னையும் உடன் வேலை பார்த்த ஒருவரையும் நிறுத்திவைத்தார்கள். மூட்டைகள் யாருடைய வாய்மொழி உத்தரவில் வெளியே போயின என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்; சொன்னால் நம்புவதற்குத்தான் ஆள் இல்லை.

எஸ்தரின் எபிரெய மூலத்தில், 10 அதிகாரங்களிலும் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. (கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள கிரேக்க வடிவத்தில் உண்டு, திருத்த வருகிறவர்களுக்காக முன்னரே சொல்லிவிடுகிறேன்.) பாரசீக ராஜா அகாஸ்வேருவைக் கொல்லச் சதி செய்த இருவரை, எஸ்தரை வளர்த்த மொர்தெகாய் காட்டிக்கொடுத்தான், அது அரண்மனையின் நாளாகமப் புத்தகத்தில், அதாவது அன்றாட நிகழ்வுகளை எழுதிவைக்கும் ஏட்டில், எழுதப்பட்டதே தவிர, அவனுக்கு ஒரு வெகுமதியும் கிடைக்கவில்லை. எஸ்தர் ராணியானது அகாஸ்வேருவின் 7ஆம் ஆண்டில், யூதரை அழிக்க, ராஜாவின் தலைமை அதிகாரியான ஆமான் பூர் என்னும் சீட்டைப் போடுவித்தது 12ஆம் ஆண்டில். ஏடு கிடந்த இடத்திலேயே கிடந்தது, உயர்ந்தவன் ஆமான். அந்தச் சீட்டும் முதல் மாதத்தில் போடப்பட்டு 12ஆம் மாதமான ஆதாருக்கு விழுந்ததால், சாவுக்கு நாள் குறித்த சீட்டே யூதருக்குப் பதினொரு மாத அவகாசத்தையும் கொடுத்துவிட்டது என்பதை மூன்றாம் முறை வாசிக்கும்போதுதான் கவனித்தேன். மொர்தெகாயைத் தூக்கிலிட ஆமான் 50 முழத் தூக்குமரம் நாட்டிய அதே இரவில் ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. ஏட்டை எடுத்து வாசிக்கச் சொன்னான், மொர்தெகாய் செய்தது அதிலிருந்து வெளியே வந்தது.

எங்கள் ஆலையில், காவலாளி அறைக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது பழைய கேட் பாஸ் புத்தகம் ஒன்று கிடைத்தது. லாரி எண்ணும், உத்தரவு போட்டவரின் கையெழுத்தும் அதில் இருந்தன. நான் வேலைக்குத் திரும்பினேன். தற்செயல் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ராஜாவின் தூக்கமின்மையையும் அப்படிச் சொல்லிவிடலாம், அந்தப் புத்தகமே அதற்கு இடம் விட்டுத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

என் மனத்தாங்கல் வேறு. நீ ராணியானது இப்படிப்பட்ட காலத்துக்காகவே இருக்கலாம் என்று மொர்தெகாய் எஸ்தருக்குச் சொல்லி அனுப்பும் வசனத்தைப் சபையில் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையாக என் கையில் கொடுத்துவிட்டு, விசுவாசம் குறைந்ததால்தான் எனக்கு இந்தச் சோதனை என்று பிரசங்கித்தார்கள். ஆனால் மொர்தெகாய் உறுதியாகச் சொல்லவில்லை, "யார் அறிவார்?" என்றுதான் கேட்டான். அழைக்கப்படாமல் போனால் மரணம் என்றிருந்த ராஜாவிடம், எஸ்தரும் செத்தாலும் சாகிறேன் என்றுதான் போனாள். எனக்கு எட்டிய நம்பிக்கையும் அந்தக் கேள்விக்குறியோடு கூடியதுதான், அதற்குமேல் உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஏனென்றால், என்னோடு நிறுத்தப்பட்ட அந்த நண்பர், பரணில் புத்தகம் கிடைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்ததை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்து, வீட்டையும் விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். அவர் என்னைவிட அதிகம் ஜெபித்தவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தொலைபேசியில் அழைப்பார். கேட் பாஸ் கிடைத்த கதையை இதுவரை அவரிடம் நான் சாட்சியாகச் சொன்னதில்லை.