கலிஃபோர்னியா ரோந்துக் கார்களின் நிறம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கலிஃபோர்னியாவில் போலீஸ் கார்கள் கறுப்பும் வெள்ளையுமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா?

பதில்: இல்லை. மாநில வாகனச் சட்டத் தொகுப்பின் 40800-ஆம் பிரிவு எந்த நிறத்தின் பெயரையும் சொல்வதில்லை. விபத்துகள் பற்றிய 10-ஆம் பகுதியையும் சாலை விதிகள் பற்றிய 11-ஆம் பகுதியையும் அமல்படுத்துவதையே தம் ஒரே பணியாகவோ முதன்மைப் பணியாகவோ கொண்ட அதிகாரி முழுச் சீருடையில் இருக்க வேண்டும் என்றும், அவர் ஓட்டும் வாகனம் ஆணையர் வரையறுத்த தனித்த நிறத்தில் இருக்க வேண்டும் என்றும் மட்டுமே அது கூறுகிறது. இங்கே ஆணையர் எனப்படுபவர் மாநில நெடுஞ்சாலை ரோந்துப் படையின் தலைவர். கறுப்பு-வெள்ளை பரவலாக இருந்தாலும், சான் டியாகோ கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) காவல் அமைப்பான ஷெரிஃப் துறை நெடுங்காலம் வெள்ளைக் கார்களையே ஓட்டிவந்தது.

கேள்வி: அடையாளமே இல்லாத சாம்பல் நிறக் காரில் வந்த அதிகாரி எனக்கு வேக மீறலுக்கு டிக்கெட் கொடுத்தார். அது செல்லுமா?

பதில்: அவர் அன்று எந்தப் பணியில் இருந்தார் என்பதைப் பொறுத்தது. போக்குவரத்து விதிகளை அமல்படுத்துவதே அவருடைய முதன்மைப் பணியாக இருந்து, கார் ஆணையர் வரையறுத்த நிறத்தில் இல்லாமல் இருந்திருந்தால், 40804-ஆம் பிரிவின்படி அவர் சாட்சி சொல்லும் தகுதியையே இழக்கிறார். அவருடைய சாட்சியம் ஒன்றே ஆதாரமான வழக்கில் அதன்பின் மிஞ்சுவது எதுவுமில்லை. சாலையோரம் மறைந்திருந்து வாகனங்களைப் பிடிக்கும் பழக்கத்தை ஒழிக்க 1920-களில் கலிஃபோர்னியா எடுத்த முடிவின் தொடர்ச்சி இது என்பதால், விதியை மீறியதன் விளைவும் இவ்வளவு கடுமையாக இருக்கிறது. அபராதம் வசூலிப்பதைவிட, அதிகாரி கண்ணில் படுவதாலேயே ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பது மேல் என்ற அந்தக் கருத்து இன்றும் சரியானதே என்பது என் எண்ணம். ஆனால் வேறு குற்றத்தை விசாரிக்கச் செல்லும் துப்பறிவாளர் வழியில் தற்செயலாக உங்கள் மீறலைக் கண்டால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. வாகனத் திருட்டு, விபத்துக்குப் பின் நிற்காமல் ஓடுதல் போன்றவற்றை விசாரிப்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர்களுக்கும் சட்டமே விலக்கு அளிக்கிறது.

கேள்வி: அப்படியானால் அடையாளமில்லாத கார் துரத்தினால் நிற்க வேண்டியதில்லையா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். தப்பியோடும் குற்றத்தைப் பற்றிய 2800.1-ஆம் பிரிவு நிறத்தைக் கேட்பதில்லை. முன்பக்கம் தெரியும் சிவப்பு விளக்கு, தேவையான அளவு சைரன், சீருடை அணிந்த அதிகாரி, தனித்து அறியத்தக்க அடையாளம் ஆகியவற்றையே கேட்கிறது. விளக்கும் சைரனும் மட்டும் போதாது, காவல்துறைப் பணியில் இல்லாத வாகனங்களிலிருந்து பிரித்துக் காட்டும்படி வெளியே தெரியும் வேறு ஏதேனும் ஓர் அம்சமும் வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2006-இல் ஹட்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த அம்சம் வண்ணப்பூச்சாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே நின்றுவிட்டு, வாதத்தை நீதிமன்றத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: ஏலத்தில் பழைய ரோந்துக் கார் வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். காவல் பணிக்கு வெளியே ஓடப்போகும் காரை, ரோந்து வாகனத்தை ஒத்திராதபடி முழுவதுமாகவோ பகுதியாகவோ மறுபூச்சு செய்து கொடுப்பது 27604-ஆம் பிரிவின்படி விற்பவரின் கடமை. அவர் செய்யாமல் விட்டாலும் நீங்கள் தப்ப முடியாது; ரோந்து வாகனம்போல் பூசிய காரை வைத்திருப்பதையும் ஓட்டுவதையும் 27605-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஒரே நிறம் பூசிய கார்கள் இந்தத் தடைக்குள் வருவதில்லை.

கேள்வி: எங்கள் குறும்படத்துக்குக் கறுப்பு-வெள்ளைக் கார் ஒன்று தேவை.

பதில்: திரைப்படம் அல்லது தொலைக்காட்சித் தயாரிப்புக்கு மட்டுமே பயன்படும் வாகனத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் அது திரைப்பட வாகனம் என்ற அறிவிப்பு கதவுகளில் எடுப்பாகத் தெரிய வேண்டும். படப்பிடிப்பு முடிந்தபின் அதே காரில் கடைக்குப் போய்வந்தால்கூட ‘மட்டுமே’ என்ற நிபந்தனை அடிபட்டுப்போகும்.