ஒன்பதாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி. கோச்சிங்கா? – வாசகர் கேள்வி பதில்

காலாண்டு லீவு முடிந்ததும் கல்லூரி பற்றிய கடிதங்கள் குவிய ஆரம்பித்துவிடும். இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டோம். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

என் மகன் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. கணக்கில் கெட்டி. ஒரு தனியார் பள்ளியிலிருந்து வீட்டுக்கே வந்து, ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தால் நாலு வருஷம் பள்ளிப் படிப்போடு ஐ.ஐ.டி. கோச்சிங்கும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கட்டணத்துக்கு நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.
– ஒரு தந்தை, தர்மபுரி மாவட்டம்

நிலத்தில் கை வைக்காதீர்கள். வந்தவர்கள் உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு இடங்கள் தனியாக ஒதுக்கப்படுகின்றன. ஒன்பதாம் வகுப்பில் பையனைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை அன்றோடு போச்சு. பிறகு மனம் மாறிப் பதினொன்றில் அரசுப் பள்ளிக்கே கூட்டி வந்தாலும் திரும்பக் கிடைக்காது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். பணம் கொடுத்து அதைத் தொலைக்க வேண்டுமா?

சரி, ஐ.ஐ.டி.க்கு வருவோம். அதற்கான நுழைவுத் தேர்வு ஜே.இ.இ. மெயின், அட்வான்ஸ்டு என்று இரண்டு கட்டம். மெயின் எழுதுகிறவர்கள் 10 லட்சத்துக்கும் மேல், அதில் முன்னால் வரும் இரண்டரை லட்சம் பேர்தான் அட்வான்ஸ்டு எழுதலாம், கடைசியில் எல்லா ஐ.ஐ.டி.யும் சேர்ந்து இருக்கும் இடம் சுமார் 18,000. இதில் யாரும் பெரிதாகப் பேசாத சிக்கல் ஒன்று உண்டு. மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலேயே எழுதலாம், ஆனால் அட்வான்ஸ்டு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். உங்கள் பையன் தமிழ்வழியில் படிக்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை. தமிழ்வழி என்றால் அடுத்த இரண்டு வருஷத்தில் அவனுக்குத் தேவை, ஒரு பத்தி நீளத்துக்கு ஆங்கிலத்தில் கொடுத்திருக்கும் இயற்பியல் கணக்கை யார் உதவியும் இல்லாமல் படித்து, என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளும் பழக்கம். இதற்குப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரும் ஒரு என்.சி.இ.ஆர்.டி. (மத்திய அரசின் பாடநூல்) புத்தகமும் போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மாவட்டந்தோறும் விடுதியோடு கூடிய அரசு மாதிரிப் பள்ளிகள் நடக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் பயிற்சியும் அங்கேயே தருகிறார்கள், அரசுப் பள்ளி என்பதால் 7.5 எங்கும் போகாது. எந்த வகுப்பில், எப்போது சேர்க்கிறார்கள் என்று தலைமை ஆசிரியரை நேரில் பார்த்துக் கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி., எய்ம்ஸ் மாதிரி இடங்களுக்குப் போகிறவர்களின் இளநிலைப் படிப்புச் செலவை மாநில அரசே ஏற்கும் என்று 2022-23 பட்ஜெட்டில் அறிவித்ததையும் மறந்துவிட வேண்டாம். அடுத்த முறை அவர்கள் வீட்டுக்கு வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ப்ளஸ் ஒன் படிக்கிறேன். கணக்கு என்றால் உயிர், கெமிஸ்ட்ரி என்றால் தூக்கம். ஜே.இ.இ. கோச்சிங்கில் எல்லா டெஸ்ட்டிலும் கெமிஸ்ட்ரிதான் என்னைக் கீழே இழுக்கிறது. எனக்கு நல்ல கல்லூரியே கிடையாதா?
– மதுரை மாணவர்

தம்பி, உனக்கென்றே கட்டி வைத்த மாதிரி இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று சென்னைக்குப் பக்கத்தில், சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனம், எல்லோரும் சி.எம்.ஐ. என்பார்கள். இன்னொன்று 1931ல் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், அதாவது ஐ.எஸ்.ஐ. அதில் புள்ளியியல் பட்டமான பி.ஸ்டாட் கொல்கத்தாவில், கணிதப் பட்டமான பி.மேத் பெங்களூரில். கணிதப் படிப்புகளுக்கு இரண்டு இடத்திலும் நுழைவுத் தேர்வு கணக்கில் மட்டும்தான், கெமிஸ்ட்ரி பக்கமே போக வேண்டாம். ஐ.எஸ்.ஐ.யில் மாதாமாதம் உதவித்தொகை வேறு கொடுக்கிறார்கள். இவ்வளவு இருந்தும் நம் ஊர்ப் பள்ளிகளில் இந்தப் பெயர்களைச் சொல்ல ஆளில்லை. கோச்சிங் விளம்பரப் பலகையில் போட்டோ போட முடியாத கல்லூரி என்றால் கல்லூரியே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

அதற்காக இது எளிது என்று எண்ணிவிடாதே. இங்கே வேண்டிய பயிற்சியே வேறு. ஐ.எஸ்.ஐ. தேர்வு ஒரே நாளில் இரண்டு தாள். முதல் தாள் கொள்குறி வகை, 30 கேள்வி. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்பானால் பூஜ்யம், எழுதாமல் விட்டால் 1. தெரியாததைத் தொடாமல் விடுகிறவனுக்கும் அங்கே கூலி உண்டு! இரண்டாம் தாளில் 8 கணக்கு, ஒவ்வொன்றையும் விளக்கமாக எழுதி நிரூபிக்க வேண்டும். சி.எம்.ஐ. தாளிலும் நிரூபிக்கச் சொல்லும் கேள்விகள் வரும்.

நிரூபிப்பது என்றால் என்ன என்று ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். அடுத்தடுத்த ஐந்து முழு எண்களைப் பெருக்கினால் வரும் எண் எப்போதும் 120ஆல் வகுபடும், ஏன்? கோச்சிங் பழக்கத்தில் உடனே 1×2×3×4×5, 2×3×4×5×6 என்று இரண்டு மூன்று போட்டுப் பார்த்து, ஆமாம் வருகிறது என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுவாய். இங்கே அதற்கு ஒரு மதிப்பெண்கூடத் தேறாது. ஐந்து எண்களில் ஒன்று கட்டாயம் 5இன் மடங்கு, குறைந்தது ஒன்று 3இன் மடங்கு. இரட்டை எண்கள் குறைந்தது இரண்டு இருக்கும், அவை அடுத்தடுத்த இரட்டை எண்கள் என்பதால் ஒன்று 4ஆல் வகுபடும், ஆக அந்த இரண்டின் பெருக்கல் 8ஆல் வகுபடும். இவ்வளவும் எழுதிவிட்டு, 8, 3, 5 இவற்றில் எந்த இரண்டுக்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை, அதனால்தான் மூன்றின் பெருக்கலாலும் வகுபடுகிறது என்ற கடைசி வரியை விட்டுவிடுகிற பையன்கள்தான் அதிகம். திருத்துகிறவர் தேடுவது அந்த வரியைத்தான்.

பழைய வினாத்தாள்கள் இரண்டு நிறுவனங்களின் இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரம் மூன்று கணக்கு போதும், ஆனால் விடையைப் பார்க்காமல் இரண்டு நாள் மல்லுக்கட்ட வேண்டும். தேர்வு பெரும்பாலும் மே மாதம். விண்ணப்பிக்கும் நேரத்தில் நீ ப்ளஸ் டூ பொதுத்தேர்வில் மூழ்கியிருப்பாய், தேதி தெரியாமலே போய்விடும். அப்பாவிடம் இப்போதே சொல்லி வை.

சி.பி.எஸ்.இ.யில் 98 விழுக்காடு எடுப்பேன் என்று நம்புகிறேன். டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.காம். கிடைக்குமா?
– காரைக்குடி மாணவி

அந்த 98ஐ வைத்துக் கிடைக்காதும்மா. 2021 வரை சில கல்லூரிகளில் கட் ஆஃப் 100 விழுக்காடு வரை போனது. 2022இலிருந்து மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட்டின் மதிப்பெண்தான் கணக்கு, பொதுத்தேர்வு மதிப்பெண் சமநிலை வந்தால் பிரித்துப் பார்க்க மட்டும் உதவும். ப்ளஸ் டூவில் படித்த பாடங்களைத்தான் க்யூட்டிலும் எழுத வேண்டும் என்பது டெல்லியின் விதி. இதைக் கவனிக்காமல் பாடத்தை மாற்றித் தேர்வு செய்துவிட்டு, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டு, தகுதி இல்லை என்று வருஷா வருஷம் சிலர் நிற்கிறார்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் இதே தேர்வுதான், அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்.

மகள் ஸ்டேட் போர்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஒரே பிடிவாதம். ஆசிரியர்கள் 200க்கு 200 வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். மற்ற பாடங்களை விட்டுவிட்டு மூன்று பாடத்தை மட்டும் படித்தால் போதுமா?
– ஒரு தாய், திருநெல்வேலி

போதாது. ஏன் என்று கேளுங்கள். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. கணக்கில் ஒரு மதிப்பெண் போனால் கட் ஆஃபில் முழுசாக ஒன்று போகும், மற்ற இரண்டில் போனால் அரைதான். அதனால் கணக்குக்கு நேரம் அதிகம் கொடுப்பது நியாயமே. ஆனால் மேலே இருக்கும் கூட்டத்தில் ஒரே கட் ஆஃபில் பல பேர் நிற்பார்கள். அப்போது முதலில் கணக்கு, அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால் ப்ளஸ் டூ மொத்த விழுக்காடு, பத்தாம் வகுப்பு விழுக்காடு என்று இறங்கி, பிறந்த தேதி வரை போய், எல்லாம் ஒன்றாக இருந்தால் கடைசியாக ரேண்டம் எண். தமிழிலும் ஆங்கிலத்திலும் வாங்கும் மதிப்பெண் ரேங்க்கைத் தூக்குவது இந்த இடத்தில்தான். தமிழ்த்தாளை அலட்சியப்படுத்த வேண்டாம் என்று நான் சொன்னதாக மகளிடம் சொல்லுங்கள்.

அப்புறம் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கவுன்சிலிங்கில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிவது. மதிப்பெண் நன்றாக வந்தும் இதில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. போன வருஷம் கிண்டி இந்த கட் ஆஃபில் மூடியது, நமக்கு வராது என்று நாமே முடிவு செய்து, கிடைக்கும் என்று தோன்றும் கல்லூரியை முதலில் போடுகிறார்கள். அப்படிச் செய்யக்கூடாது. கம்ப்யூட்டர் மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும், முதல் விருப்பம் இல்லையென்றால் அடுத்தது, அவ்வளவுதான். ஆசைப்பட்டதை மேலே போட்டதற்காகக் கீழே இருப்பது கை நழுவாது. கல்லூரிக் குறியீடு 1 கிண்டி, 4 குரோம்பேட்டை எம்.ஐ.டி. அந்த வரிசை மகளின் மனசுப்படி இருக்கட்டும், பக்கத்து வீட்டு மாமா சொன்னபடி வேண்டாம். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே இடம் காலியானால் நகர்த்தச் சொல்லும் வாய்ப்பும் உண்டு. அதற்குக் கட்டணத்தைக் கெடுவுக்குள் உதவி மையத்தில் கட்டியாக வேண்டும், கட்டத் தவறினால் கையில் இருந்ததும் போய்விடும்.

இன்னொன்று, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை என்றால் கிண்டி வேண்டுமா, கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமா என்பதை ரேங்க் வருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கவுன்சிலிங் நடுவில் ராத்திரி பதினோரு மணிக்கு அழுதுகொண்டே எடுக்க வேண்டிய முடிவில்லை அது.

என் பெண் ப்ளஸ் ஒன். அமெரிக்காவில் ஹார்வர்டு, எம்.ஐ.டி. போக வேண்டும் என்கிறாள். ஒரு கன்சல்டன்ட் பல லட்சம் கேட்கிறார். ஆய்வுக் கட்டுரை, தொண்டு நிறுவனச் சான்றிதழ், கட்டுரை எழுதித் தருவது எல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம்.
– ஒரு தாய், சென்னை அண்ணா நகர்

கட்டுரையை அவரே எழுதித் தருவார் என்றால் அங்கே உங்கள் பெண்ணுக்கு என்ன வேலை?

அமெரிக்காவில் இந்தக் கல்லூரிகளுக்கு ரேங்க் பட்டியல் என்று ஒன்று கிடையாது. ஹார்வர்டில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் சுமார் நாலு பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. மதிப்பெண்ணும் சாட் என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வின் ஸ்கோரும் நன்றாக இருப்பவர்களே அந்த வரிசையில் ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள். அதற்கு மேல் ஒரு ஆளை அடையாளம் காண அவர்களுக்கு இருப்பது அந்தப் பெண்ணின் எழுத்து, அவள் செய்தது, ஆசிரியர்கள் சொல்வது. எம்.ஐ.டி. விண்ணப்பத்தில் பள்ளிக்கு வெளியே செய்தவற்றில் நாலே நாலைத்தான் எழுதச் சொல்கிறார்கள். பதினைந்து சான்றிதழ் வாங்கி என்ன செய்வது? மூன்று வருஷமாக மொட்டை மாடியில் மழை அளந்து நோட்டில் குறித்து வைத்திருந்தால் அது ஒன்றே பேசும். பணம் கட்டிப் போட்ட ஆய்வுக் கட்டுரையைப் படித்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கிறவர்கள்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். பொய் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2019இல் அங்கே வெடித்த விவகாரமே சாட்சி. பிள்ளைகளை விளையாட்டு வீரர்கள் என்று போலி விவரம் கொடுத்துச் சேர்த்த பெற்றோர்கள் சிறைக்கே போனார்கள்.

எம்.ஐ.டி.க்கு இரண்டு ஆசிரியர் கடிதம் வேண்டும், ஒருவர் கணக்கோ அறிவியலோ நடத்துகிறவர், இன்னொருவர் மொழியோ சமூக அறிவியல் மாதிரிப் பாடமோ நடத்துகிறவர். உங்கள் பெண்ணைத் தமிழாசிரியருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்றால் அவரிடமே கேட்கலாம், கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டும், அவ்வளவுதான். நம் பள்ளிகளில் அலுவலக கிளார்க் ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது, அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முக்கியம் அதுதான். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்ற சில இடங்களில் மட்டும், வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்று பார்க்காமலே தேர்வு செய்கிறார்கள், இடம் கொடுக்கும்போது குடும்ப வருமானத்தைப் பார்த்து, கட்ட முடியாததை அவர்களே ஏற்கிறார்கள். பெரும்பாலான மற்ற கல்லூரிகளில் உதவி கேட்டாலே வாய்ப்பு குறையலாம். அதனால் பட்டியல் போடும்போதே, இவ்வளவுதான் நம்மால் முடியும் என்று தொகையைப் பெண்ணிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ‘எர்லி டிசிஷன்’ என்று கன்சல்டன்ட் அவசரப்படுத்தினால் ஜாக்கிரதை. அதில் இடம் கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போடுகிறீர்கள், வேறு கல்லூரி என்ன உதவி தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் அப்படிக் கட்டிப்போடுவதில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் உண்மையிலேயே ஐ.ஐ.டி. பட்டமா? ஜே.இ.இ. இல்லாமல் எப்படி?
– வேலூர் கல்லூரி மாணவர்

பட்டம் உண்மையிலேயே அவர்களுடையதுதான், ஆனால் கேம்பஸில் தங்கிப் படிக்கும் பி.டெக்.கும் இதுவும் ஒன்றில்லை. நாலு வாரம் பாடம் நடத்தி, அந்தப் பாடத்திலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள், தேறியவர்களுக்கு இடம் உண்டு. உள்ளே போவது சுலபம், தாக்குப்பிடிப்பதுதான் பாடு. தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். நீங்கள் இப்போது படிக்கும் பட்டத்தோடு சேர்த்தே படிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் இருக்கிறது, விண்ணப்பிக்கும்போதே வருமானச் சான்றிதழைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.