கல்தொட்டியில் ஒரு மலைமுகடு: கேள்வி பதில்

வடக்கு இங்கிலாந்தில் இருந்துகொண்டு இருபது வருடமாக ஆல்பைன் செடிகள் வளர்க்கிறேன். மரம் வளர முடியாத உயரத்தில், பாறை இடுக்கில் முளைக்கும் குட்டிச் செடிகள் இவை. மே மாத மலர்க் கண்காட்சிக்காக, இந்தச் செடிகளையும் கற்களையும் வைத்துக் குட்டி மலைமுகடு மாதிரி செய்த தொட்டியின் படத்தைப் போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, பழைய கல்தொட்டி விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. வேறு வழி?

வரத்தான் செய்யும். ஒரு காலத்தில் அவை குதிரைக்குத் தண்ணீர் காட்டியவை, பன்றிக்குத் தீனி போட்டவை, பாத்திரம் கழுவியவை. 1920களில் கிளாரன்ஸ் எலியட் என்ற நர்சரிக்காரர் அப்படிப்பட்ட தொட்டிகளில் ஆல்பைன் செடிகளை நட்டு லண்டனின் செல்சி மலர்க் கண்காட்சியில் வைத்தார். அதோடு மவுசு ஏறிவிட்டது.

நீங்களே செய்யுங்கள். கல் மாதிரியே தெரியும் சிமெண்ட் கலவை இது, ஹைப்பர்டூஃபா என்று பெயர். சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) இரண்டு பங்கு. பீட் வேண்டாமென்றால் தென்னை நார்க்கழிவு போடலாம். பொள்ளாச்சிப் பக்கத்துச் சரக்குதான் இங்கே செங்கல் மாதிரி அமுக்கிக் கிடைக்கிறது. கொழுக்கட்டை மாவுப் பதம் வேண்டும்: பிடித்தால் உருண்டை நிற்கணும், அழுத்தினால் ஓரிரண்டு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. பெரிய அட்டைப்பெட்டிக்குள் சின்னதை வைத்து, அடியிலும் பக்கத்திலும் 5 செ.மீ. கனம் வருகிற மாதிரி குத்தி நிரப்புங்கள். அடியில் ஓட்டை விட மறக்காதீர்கள். மறுநாள் அட்டையைப் பிய்த்துவிட்டு, முழுசாக இறுகும் முன்பே கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள்; கூர்முனை போய்க் கல் முகம் வந்துவிடும். பிறகு மூன்று வாரம் பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள், அப்புறம் ஒரு மாதம் மழையில். சிமெண்டின் காரம் கழுவிப் போகாமல் நட்டால் வேர் வெந்துவிடும். கையுறை இல்லாமல் பிசைந்தால் உங்கள் கையும்தான்.

அடியில் ஓட்டுச் சில்லு எவ்வளவு உயரம் போடணும்?

போடவே வேண்டாம். நனைந்த ஸ்பாஞ்சைச் சரளைக்கல் மேல் வைத்துப் பாருங்கள், தண்ணீர் கீழே இறங்காமல் ஸ்பாஞ்சின் அடியிலேயே நிற்கும். மண்ணும் அப்படித்தான். சில்லு போட்டால் ஈரம் வேருக்குப் பக்கத்தில் வரும், அவ்வளவுதான் லாபம். ஓட்டையை ஒரு வலைத்துண்டால் மூடுங்கள். மண்ணில் சரிபாதி பொடிச் சல்லி கலந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கலவையாக நிரப்புங்கள்.

இதையும் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: ஆல்பைன் செடியைக் குளிர் கொல்லாது, ஈரம்தான் கொல்லும். தன் மலையில் அது குளிர்காலம் முழுக்கப் பனிப் போர்வைக்கடியில், நனையாமல் தூங்குகிறது. இங்கே நவம்பர் மழையில் ஊறி அழுகுகிறது.

நான் சென்னை. மொட்டை மாடியில் வளருமா?

வளராது.

நடுவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்?

கண்காட்சியின் விதித்தாளோடு ஒத்துப்போகிறதா என்று. என் முதல் வருடம், ஓர் ஊர்க் கண்காட்சியில், என் தொட்டி அனுமதித்த அளவைவிட 2 செ.மீ. நீளம். பூக்கள் பிரமாதம். அட்டையில் ‘என்ஏஎஸ்’ என்று மூன்றெழுத்து, அதாவது விதித்தாள்படி இல்லை. கதை முடிந்தது. டேப் வைத்து அளந்துவிட்டு அப்புறம் சிமெண்டைக் குழையுங்கள்.

அதன்பிறகு கல். ஒரே வகைக் கல்லாக இருக்கணும், வரிகள் எல்லாம் ஒரே பக்கம் சாயணும், ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்காவது புதையணும். இல்லாவிட்டால் லாரி கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். நான் பலகைக் கற்களைச் செங்குத்தாக, விரலிடை விட்டு நெருக்கி நிறுத்துவேன். வேர் கல்லோடு ஆழமாக இறங்கும், செடியின் கழுத்து உலர்ந்தே இருக்கும். போன வருடம் அந்த இடுக்கில் நட்ட சிலந்தி செம்பர்விவம் என்ற சதைப்பற்றுச் செடி ஒரு பொத்தான் அளவுதான் இருந்தது. இப்போது ஏழு குட்டிகள், இலைநுனிக்கு நுனி வெள்ளை நூல் கட்டிக்கொண்டு.

பூக்கும் தேதியையும் கணக்குப் போடுங்கள். மெத்தைபோல் வளரும் சாக்ஸிஃப்ரேஜ் பல வகைகள் பிப்ரவரி, மார்ச்சிலேயே பூத்து முடித்துவிடும். மே கண்காட்சிக்கு அவை வெறும் பச்சை.

கோயம்புத்தூர் சென்னையைவிடக் குளிர்ச்சிதானே, அங்கே?

சென்னைக்குச் சொன்னதேதான்.

ஊட்டியில்?

இது கேள்வி. ஜனவரியில் உறைபனி உண்டு, 1896 முதல் மலர்க் கண்காட்சியும் நடக்கிறது. தடை குளிரில்லை, தென்மேற்குப் பருவமழை. மேலே கண்ணாடிக் கூரை, நாலு பக்கமும் காற்று, இரண்டும் இருந்தால் செம்பர்விவத்தில் ஆரம்பித்துப் பாருங்கள். நீலப் பூ பூக்கும் ஜென்ஷியனில் கை வைக்காதீர்கள். ஈரம்... சரி, சொல்லிவிட்டேன்.

கொலுவில் பார்க் கட்டுகிற மாதிரி தொட்டியில் சின்னப் பொம்மை, வீடு வைக்கலாமா?

வேண்டாம் என்று ஒரு வரி எழுதினேன். அதற்குள் கச்சேரி ஆரம்பித்துவிட்டது. ஒருவர், பொம்மை வைத்தால் கல்யாண கேக் ஆகிவிடும் என்கிறார். இன்னொருவர், கடுகு முளைக்கவிட்டு, கண்ணாடியைக் குளமாக்கி, வாத்து மிதக்கவிட்ட நம் பாட்டிகளுக்கு ரசனை இல்லையா என்கிறார்.

பாட்டிகளை இழுக்காதீர்கள், நானும் கடுகு தூவியவள்தான். வெள்ளைக்காரர்களும் யோக்கியமில்லை. ஹென்லியில் ஃப்ராங்க் கிரிஸ்ப் என்ற வக்கீல் தன் தோட்டத்தில் ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் மலையையே குட்டியாகக் கட்டி, குள்ளப் பொம்மைகளையும் வைத்திருந்தார். செல்சியில் குள்ளப் பொம்மைக்குப் பல காலம் தடை. கண்காட்சியின் நூற்றாண்டை ஒட்டி 2013இல் ஒருமுறை விலக்கினார்கள்.

மூன்றாமவர் சொல்வதுதான் யோசிக்க வைத்தது: 20 செ.மீ. ஜூனிபர் (ஊசியிலைக் குட்டைச் செடி) பக்கத்தில் 5 செ.மீ. மனிதனை நிறுத்தினால் ஜூனிபர் உண்மையான மரமாகத் தெரியுமே? தெரியும், பூக்கும்வரை. வசந்த ஜென்ஷியன் பூ ஒன்று ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். அந்த மனிதன் தலையைவிட இருமடங்குக்கு மேல். அவன் நீலக் குடைக்கடியில் நிற்பான், மலை மறைந்துவிடும். ஆள் இல்லாதபோது அளவுகோலும் இல்லை, கண் ஏமாறத் தயாராக இருக்கிறது. அதனால் வேண்டாம். விதித்தாள் அனுமதித்தால் உங்கள் இஷ்டம். இதோடு பொம்மைப் பேச்சை நிறுத்துகிறேன்.

போன்சாய்க்கும் இதே மண்ணா?

போன்சாய்க்காரரைக் கேளுங்கள்.

தொட்டியைக் காரில் எப்படிக் கொண்டுபோவது?

60க்கு 40க்கு 15 செ.மீ. உட்புறம் என்றால் 36 லிட்டர். ஈர மண்ணும் கல்லும் மட்டுமே 55 கிலோவைத் தாண்டும், தொட்டி எடை தனி. இரண்டு பேர், ஒரு பலகை, இரண்டு நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். மேலே தூவும் சல்லியைக் கண்காட்சி மேஜையில் வைத்தபிறகு போடுங்கள், இல்லாவிட்டால் முதல் வேகத்தடையிலேயே பூவுக்குள் கல்.

பெங்களூரில் மாடி...

பொம்மை கேட்டவரே, நீங்களாவது இவருக்குச் சொல்லுங்கள்.