தொண்ணூற்றைந்து சதவீதம் என்று போட்டிருந்ததே!
நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை ஸ்ட்ராட்டஜி ஆர்பிஜி கேம்கள் பற்றிய கடிதங்கள் மட்டும். கட்டம் கட்டமாக ஆட்களை நகர்த்தி, டர்ன் டர்னாகச் சண்டை போட்டு, லெவல் ஏற்றுகிற வகை. நீளமான கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கே: எக்ஸ்காம் 2 வாங்கினேன். குண்டு படும் வாய்ப்பு 95% என்று திரையில் காட்டிய குறி ஒரே சண்டையில் இரண்டு முறை தப்பியது. சேவ் பண்ணிய இடத்திலிருந்து லோட் பண்ணி மறுபடி சுட்டாலும் அதே கதிதான். கேமில் கோளாறு என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– குறி தப்பியவன்

ப: கேட்கலாம், கிடைக்காது. 95% என்றால் இருபதில் ஒன்று தப்பும். ஒரு சண்டையில் 20 முறை சுட்டால் ஒன்றாவது தப்புவதற்கு 64% வாய்ப்பு. இரண்டோ அதற்கு மேலோ தப்ப 26%. அதாவது நான்கு சண்டைக்கு ஒன்றில் உங்களுக்கு நேர்ந்தது நேரும். லோட் பண்ணினாலும் அதே முடிவு வருவதற்குக் காரணம், குறி படுமா என்று தீர்மானிக்க அடுத்து வரவேண்டிய எண்களும் சேவோடு சேர்ந்தே பதிவாகியிருப்பதுதான். வேறொரு வீரரை முதலில் சுடவிட்டால் எண்களின் வரிசை நகரும், முடிவும் மாறலாம்.

ஆனால் நீங்கள் தொட்டது என் நெடுநாள் வயிற்றெரிச்சல், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். திரையில் காட்டுகிற எண்ணும் உள்ளே கணக்கிடுகிற எண்ணும் ஒன்றுதான் என்று வாங்குகிறவர் நம்புகிறார். பல கேம்களில் அப்படி இல்லை. 2002-இல் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த ஃபயர் எம்பிளம் தொடங்கி அந்த வரிசையின் பல கேம்கள் 0 முதல் 99 வரை இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் திரையில் காட்டிய எண்ணோடு ஒப்பிடுகின்றன. சராசரி அதைவிடக் குறைவாக இருந்தால் அடி படும். விளைவு, 90% என்று காட்டினால் உண்மையில் 98%. 80% என்றால் 92%. எதிரிக்கு 20% என்று காட்டினால் உள்ளே வெறும் 8%. உங்கள் ஆட்கள் பெரும்பாலும் 70-க்கு மேலேயும், எதிரிகள் 50-க்குக் கீழேயும் இருப்பதால் இந்தக் கணக்கு எப்போதும் உங்கள் பக்கமே சாயும். எக்ஸ்காம் 2-வும் எளிய நிலைகளில் திரைக்குப் பின்னால் உங்களுக்குக் குறி கூட்டிக் கொடுக்கிறது. உச்ச நிலையான லெஜண்டில் அந்தச் சலுகை கிடையாது.

நமக்குச் சாதகமாகத்தானே பொய் சொல்கிறது, அதனால் என்ன என்பீர்கள். தராசு வாங்குகிறவருக்குச் சாய்ந்தாலும் அது கெட்ட தராசுதான். இப்படிப் பழகியவர் நேர்மையாகக் கணக்கிடுகிற கேமுக்குப் போனதும் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று கத்துகிறார். உண்மை சொல்கிற கேமுக்குத்தான் கெட்ட பெயர். கடைப் பக்கத்தில் நாயகியின் படம் ஏழு இருக்கும், வாய்ப்புக் கணக்கு பற்றி ஒரு வரி இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரே குறியை நம்பி டர்னை முடிக்காதீர்கள். எறிகுண்டு தப்பாது, எதிரியின் மறைப்பையும் உடைக்கும். அதை முதலில் எறிந்துவிட்டு, பிறகு பக்கவாட்டில் போய்ச் சுடுங்கள். தப்பினால் ஈடுகட்ட ஒருவரைக் கடைசி வரை நகர்த்தாமல் வைத்திருங்கள். வாய்ப்பு விளையாட்டே வேண்டாம் என்றால் 2018-இல் வந்த இன்டு தி பிரீச் வாங்குங்கள். அதில் தாக்குதல் தப்புவதே கிடையாது, எதிரி அடுத்து எங்கே அடிப்பான் என்பதையும் முன்கூட்டியே காட்டிவிடும்.

கே: டிஸ்கேயாவில் லெவல் 9999 வரை ஏற்றினால்தான் கதை முடியுமா?
– மலைப்பவர்

ப: இல்லை. முதல் கேமின் கதை 100-ஐ ஒட்டிய லெவலிலேயே முடிந்துவிடும். மிச்சமெல்லாம் லெவல் ஏற்றுவதிலேயே இன்பம் காண்பவர்களுக்கு.

கே: ‘அசல், நன்றாக வேலை செய்கிறது’ என்ற விளம்பரத்தைப் பார்த்து கேம்பாய் அட்வான்ஸ் ஃபயர் எம்பிளம் கார்ட்ரிட்ஜ் வாங்கினேன். 12 அத்தியாயம் ஆடியபின் சேவ் எல்லாம் அழிந்துவிட்டது. ‘நீங்கள் சரியாக ஆஃப் பண்ணியிருக்க மாட்டீர்கள்’ என்கிறார் விற்றவர்.
– ஒரு வாசகி

ப: உங்கள் மேல் தவறில்லை. அந்தக் கேம்களில் ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் நிலவரம் பதிவாகிறது, நடுவில் ஆஃப் பண்ணினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அவ்வளவு அடிக்கடி எழுதுவதால்தான் மட்டமான சேவ் சிப் போட்ட போலிகள் இதில் சீக்கிரம் பல்லிளிக்கின்றன.

முதலில் கார்ட்ரிட்ஜைத் திறக்காமலே பாருங்கள். லேபிளை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் அசலில் அழுத்திப் பதித்த எண் ஒன்று மங்கலாகத் தெரியும். செருகுகிற பக்கத்தைக் கீழிருந்து பார்த்தால் தங்கநிறத் தகடுகளுக்குச் சற்று மேலே சர்க்யூட் போர்டில் நின்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். பின்பக்க ஸ்க்ரூ மூன்று கை கொண்டது, ஆனால் இப்போது போலிகளும் அதைப் போடுகிறார்கள், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். லேபிள் எண்ணும் போர்டுப் பெயரும் இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம், போலிதான்.

இரண்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். அந்தக் காலத்து அசல் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் சேவ் பதிவைக் காப்பது ஒரு சிறு பேட்டரி. அது தீர்ந்தால் கேம் ஓடும், சேவ் நிற்காது. சால்டரிங் தெரிந்தவர் மாற்றித் தருவார், ஆனால் பழைய சேவ் போனது போனதுதான்.

போலி என்றால், விளம்பரத்தில் ‘அசல்’ என்று இருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், விற்றவர் அதை அழிப்பதற்கு முன். லேபிள், போர்டு இரண்டையும் கிட்டத்தில் படமெடுங்கள். வாங்கிய தளத்தின் வழியாகவே புகார் கொடுங்கள், அதற்கான கெடு முடிவதற்குள். ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதாதீர்கள், ‘போலிப் பொருள்’ என்று எழுதுங்கள். முன்னதற்குப் பழுது பார்த்துக் கொள்ளச் சொல்வார்கள். ‘பாதிப் பணம் தருகிறேன், விட்டுவிடுங்கள்’ என்று விற்றவர் பேரம் பேசினால் மறுத்துவிடுங்கள். பாதியை வாங்கினால் புகார் தீர்ந்ததாகக் கணக்காகிவிடும்.

கே: டிரையாங்கிள் ஸ்ட்ராட்டஜியை ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் வாங்கினேன். 11 மணி நேரம் ஆடிவிட்டேன். பேசிக்கொண்டே இருக்கிறார்கள், சண்டை குறைவு. ரீஃபண்ட் கேட்டேன், மறுக்கிறார்கள். இது நியாயமா?
– பொறுமையிழந்தவன்

ப: பதினோரு மணி நேரம் பேச்சைக் கேட்டுவிட்டுப் பேச்சு அதிகம் என்கிறீர்கள். ஸ்டீமின் விதி வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும் என்பது. பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோட் தொடங்கியிருக்கக் கூடாது. நின்டெண்டோ கடையில் பொதுவாக வாங்கியது வாங்கியதுதான். உங்கள் நாட்டுச் சட்டம் இதற்கு மேல் உரிமை கொடுத்தால் அது தனி.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இந்த வகை கேம்களுக்கு 2 மணி நேரம் போதவே போதாது. அரசர்கள், பிரபுக்கள், உப்புக்கும் இரும்புக்கும் நடக்கும் தகராறு என்று முன்னுரை முடிவதற்குள் அது கரைந்துவிடும். எனவே அந்த நேரத்தைக் கதைக்குக் கொடுக்காதீர்கள். காட்சிகளை ஸ்கிப் பண்ணி நேரே முதல் சண்டைக்குப் போங்கள். எதிரியின் டர்னை வேகப்படுத்த முடிகிறதா? நகர்த்தியதை ரத்து செய்ய முடிகிறதா? சண்டையின் நடுவே சேவ் உண்டா? கையடக்கத் திரையில் எழுத்து படிக்க வருகிறதா? இவை சரியாக இருந்தால், அணைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிக் கதையைக் கேளுங்கள்.

டெமோ இருந்தால் அதைவிட நல்லது. டிரையாங்கிள் ஸ்ட்ராட்டஜிக்கு முதல் மூன்று அத்தியாயங்கள் அடங்கிய டெமோ ஸ்விட்சில் வந்தது, 2024-இல் வந்த யூனிகார்ன் ஓவர்லார்டுக்கு 5 மணி நேர டெமோ. இரண்டிலும் சேவ் பதிவை முழு கேமுக்குக் கொண்டுபோகலாம். டெமோ பார்க்காமல் வாங்கிவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எண்ணிக்கை குறைந்தால் மகிழ்வேன்.

கே: எந்த ஸ்ட்ராட்டஜி ஆர்பிஜி நல்லது? உடனே பதில் வேண்டும்.
– அவசரக்காரர்

ப: எந்தக் கருவியில் ஆடப்போகிறீர்கள் என்றுகூட எழுதவில்லை.

கே: மகளுக்கு 11 வயது. ஃபயர் எம்பிளம் வாங்கிக் கொடுத்தேன். ஆள் செத்தால் செத்ததுதான் என்றதும் அழுதுவிட்டாள். மாற்றிக் கொடுக்கலாமா?
– ஒரு அப்பா

ப: மாற்ற வேண்டியது கேமை அல்ல, மோடை. கிளாசிக்கில் செத்தவர் திரும்ப மாட்டார், கேஷுவலில் அடுத்த சண்டைக்கு எழுந்து வந்துவிடுவார். 2019-இல் வந்த த்ரீ ஹவுசஸில் நடுவிலேயே கிளாசிக்கிலிருந்து கேஷுவலுக்கு இறங்கலாம், திரும்ப ஏற முடியாது. டர்னைப் பின்னோக்கி இழுக்கும் டிவைன் பல்ஸும் இருக்கிறது, சண்டைக்குச் சில முறை. ஆனால் அந்தக் கதை சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கானது. 11 வயதுக்கு மரியோ + ராபிட்ஸ் கிங்டம் பேட்டில் பொருத்தம். சிரிக்க வைக்கும், மறைந்து நின்று சுடுவதையும் பக்கவாட்டில் வளைப்பதையும் ஒழுங்காகக் கற்றுக் கொடுக்கும்.

கே: நின்டெண்டோவின் 3டிஎஸ்ஸுக்கு ஃபயர் எம்பிளம் ஃபேட்ஸ் கான்குவெஸ்ட் பழையதாக வாங்கினேன். மற்ற இரண்டு பாகங்களையும் கடையிலிருந்து டவுன்லோட் பண்ணிக்கொள்ளலாம் என்று விற்றவர் சொன்னார். கடையே திறக்கவில்லை.
– முக்கால் கதை தெரியாதவன்

ப: திறக்காது. 3டிஎஸ் கடையில் வாங்கும் வசதி 2023 மார்ச் 27-ஓடு நின்றுவிட்டது. மூன்றாம் பாகமான ரெவலேஷன் தனிக் கார்ட்ரிட்ஜாக வரவே இல்லை. மூன்றும் ஒன்றாக இருப்பது ஸ்பெஷல் எடிஷன் கார்ட்ரிட்ஜில் மட்டும், அதன் விலையைக் கேட்டால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். இன்னொரு பாகமான பர்த்ரைட் தனிக் கார்ட்ரிட்ஜாகப் பழையதில் கிடைக்கும். ஆனால் 3டிஎஸ்ஸில் ரீஜன் லாக் உண்டு (வேறு வட்டாரத்துக் கார்ட்ரிட்ஜ் ஓடாது), உங்கள் கருவியின் ரீஜனுக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள்.

விற்றவர் தெரிந்தே சொன்னாரா என்பது எனக்கு முக்கியமில்லை. பொருளைப் பற்றி அவர் சொன்னது பொய், நீங்கள் அதை நம்பி வாங்கியிருக்கிறீர்கள். அவர் அனுப்பிய செய்தி இருந்தால் அதைக் காட்டிப் பணத்தைக் கேளுங்கள். பணம் திரும்பவில்லை என்றாலும் கான்குவெஸ்ட் தன்னளவில் முழுக்கதை. மூன்றில் சண்டை மேப்கள் சிறந்தவை அதில்தான். ஆனால் லெவல் ஏற்ற உதிரிச் சண்டைகள் கிடையாது, யாருக்கு அனுபவப் புள்ளி தருகிறீர்கள் என்பதை முதல் அத்தியாயத்திலிருந்தே யோசிக்க வேண்டும்.

கே: மொபைல் காச்சா கேமில் (குலுக்கல் முறையில் ஆட்களை இழுக்கும் வகை) ஒரு நாயகனுக்கு 1% வாய்ப்பு. 100 முறை இழுத்தும் வரவில்லை. நிச்சயம் வந்திருக்க வேண்டுமல்லவா?
– நூறு இழுத்தவன்

ப: வேண்டியதில்லை. 100 முறையில் வருவதற்கு 63% வாய்ப்பு. மூன்றில் ஒருவருக்கும் மேல் வெறுங்கையோடுதான் போவார்கள். 300 முறை இழுத்தாலும் 5% பேர் நிற்பார்கள். இத்தனை முறைக்குப் பிறகு கட்டாயம் தருவோம் என்ற உத்தரவாதம் இருக்கிறதா, அடுத்த பேனருக்கு, அதாவது அடுத்த குலுக்கலுக்கு, அந்தக் கணக்கு தொடருமா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு காசும் போடாதீர்கள். கிடைத்தாலும் அது உங்கள் சொத்து அல்ல. ஃபைனல் ஃபேண்டஸி பெயரில் வந்த வார் ஆஃப் தி விஷன்ஸின் உலகப் பதிப்பு 2025-இல் மூடப்பட்டது, பணம் போட்டு வாங்கிய ஆட்களும் அதோடு போனார்கள்.

கே: ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ், பிஎஸ்பி (சோனியின் கையடக்கக் கருவி) பதிப்பு. ரியோவேன்ஸ் கோட்டைக்குள் வீக்ராஃப் என்ற எதிரியிடம் திரும்பத் திரும்பத் தோற்கிறேன். வெளியே போகவும் முடியவில்லை. டிஸ்க் பழுதா? புதிய பதிப்பு வாங்கட்டுமா?
– கோட்டைக்குள் சிக்கியவன்

ப: டிஸ்க் நன்றாக இருக்கிறது. அடுத்தடுத்த சண்டைகளுக்கு நடுவே ‘சேவ் பண்ணவா?’ என்று கேட்டபோது பழைய சேவின் மேலேயே பண்ணிவிட்டீர்கள். அங்கிருந்து கடைக்கும் போக முடியாது, பயிற்சிச் சண்டைக்கும் போக முடியாது. 1997-இன் முதல் பதிப்பிலிருந்தே இந்தப் பொறி இருக்கிறது. நாயகன் ராம்ஸா தனியாகச் சண்டையைத் தொடங்குவதால் மற்றவர்களை வளர்த்ததும் உதவாது.

ராம்ஸாவின் வேகத்தைக் கூட்டும், ஸ்க்வையர் என்ற வேலைக்குரிய (ஆட்கள் ஏற்கும் தொழில்) திறமையை முன்பே கற்றிருந்தால், எட்டாத தூரத்துக்கு ஓடிக்கொண்டே அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். சில டர்னில் வீக்ராஃபின் ஒரு அடிக்கு நீங்கள் இரண்டு மூன்று செய்ய முடியும். கெமிஸ்ட் வேலையின் ஆட்டோ-போஷன் (அடி பட்டதும் தானாக மருந்து குடிக்கும் திறமை) இருந்தால் இன்னும் எளிது, கையிருப்பில் உயர்ந்த மருந்தான எக்ஸ்-போஷன் மட்டும் இருக்க வேண்டும். மட்டமான மருந்தும் இருந்தால் அதைத்தான் முதலில் குடிப்பான். எதுவும் கற்கவில்லை என்றால் கோட்டைக்கு முந்தைய சேவ் வேண்டும். அதுவும் இல்லையென்றால் முதலிலிருந்து.

2025 செப்டம்பரில் வந்த புதிய பதிப்பான ஐவலிஸ் கிரானிக்கிள்ஸில் ஆட்டோசேவ் உண்டு, எழுத்தும் தெளிவு. ஆனால் உங்கள் பிஎஸ்பி பதிப்பில் கூடுதலாக வந்த டார்க் நைட், ஆனியன் நைட் வேலைகள் அதில் இல்லை. அவற்றுக்காகவே ஆடுகிறீர்கள் என்றால் பழையதை விற்றுவிடாதீர்கள்.

கே: வேலை முடிந்து தினம் இருபது நிமிடம்தான் கிடைக்கும். இந்த வகை எனக்கு ஆகுமா?
– நேரமில்லாதவர்

ப: மேலே சொன்ன இன்டு தி பிரீச். 8-க்கு 8 கட்டம், ஒரு சண்டை பெரும்பாலும் 5 டர்ன். கதை, ஆள் வளர்ப்பு எல்லாம் ஊறுகாய் அளவுதான். நீளமான டாக்டிக்ஸ் ஓகர் பக்கம் ஓய்வு பெற்ற பிறகு வாருங்கள்.

கே: கலெக்டர்ஸ் எடிஷன் முன்பதிவு செய்யலாமா? துணி வரைபடம், ஸ்டீல் பெட்டி, ஆர்ட் புக் எல்லாம் தருகிறார்கள்.
– சேகரிப்பவர்

ப: அப்படிப்பட்ட இரண்டு பெட்டிகள் என் அலமாரியில் இருக்கின்றன, ஒன்றின் வரைபடம் இன்னும் மடிப்பு கலையவில்லை. சாதாரணப் பதிப்பு போதும். பெட்டிதான் வேண்டும் என்றால், உள்ளே கேம் கார்ட்ரிட்ஜாக இருக்கிறதா அல்லது டவுன்லோட் பண்ணும் குறியீடு மட்டுமா என்று முதலில் கேளுங்கள். பிறகு பழையதாக வாங்கினால், கூடுதல் உள்ளடக்கத்துக்கான குறியீட்டை முதல் சொந்தக்காரர் போட்டுவிட்டிருப்பார் என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.