‘தி பிளைண்ட் சைட்’ பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

மைக்கேல் ஓஹர் என்ற ஏழைப் பையனை ஒரு குடும்பம் சேர்த்துக்கொண்டதையும், அவன் அமெரிக்கக் கால்பந்தில் லெஃப்ட் டேக்கிள் என்ற தடுப்பு வீரனாக ஆவதையும் சொல்லும் படம் இது. 2009இல் வந்த இந்தப் படத்தைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

லெஃப்ட் டேக்கிள் என்னதான் செய்கிறார்?

அணியில் பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். வலது கையால் எறியும் குவார்ட்டர்பேக், எறியும் நேரத்தில் இடது தோளை முன்னால் வைத்துத் திரும்பி நிற்பார். அப்போது முதுகுப் பக்கமாகப் பாய்ந்து வருபவன் அவர் கண்ணில் படமாட்டான். அவர் பார்க்க முடியாத அந்தப் பக்கம்தான் ‘பிளைண்ட் சைட்’. பாய்பவனைத் தடுப்பதுதான் லெஃப்ட் டேக்கிளின் வேலை. 1985 நவம்பரில் எதிரணியின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து சாய்த்ததில் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மேனின் கால் முறிந்து, அத்தோடு அவருடைய ஆட்ட வாழ்க்கையே முடிந்துபோனது. படம் அந்த ஆட்டத்தில்தான் தொடங்குகிறது.

இது உண்மைக் கதையா?

ஆள் உண்மை. மெம்பிஸ் நகரில் வறுமையில் வளர்ந்த மைக்கேல் ஓஹர், டூஹி குடும்பத்தோடு வாழ்ந்ததும் உண்மை. ஆனால் ஆட்டமே புரியாத பையனாகவும், வீட்டுச் சிறுவன் சாஸ் பாட்டில்களை அடுக்கி வைத்துச் சொல்லிக்கொடுப்பதாகவும் வருகிறதே, அதை நம்பாதீர்கள். ஓஹருக்கு அந்த வீட்டுக்குப் போகும் முன்பே ஆட்டம் தெரியும். 2011இல் எழுதிய நினைவுக் குறிப்பிலேயே இந்தச் சித்திரிப்பு தன்னை வருத்தியதாகச் சொல்லியிருக்கிறார். திரையில் பார்த்ததை ஒருவருடைய வாழ்க்கைக்கு ஆதாரமாக எடுக்காதீர்கள்.

அவரைத் தத்தெடுத்தார்களா, இல்லையா?

சட்டப்படி இல்லை. 2004இல், அவருக்கு 18 வயதானபோது, நீதிமன்றம் வழியாக டூஹி தம்பதி அவருக்குக் கன்சர்வேட்டர்கள் ஆனார்கள். தத்தெடுத்தால் சட்டப்படி பிள்ளை ஆகிவிடலாம். கன்சர்வேட்டர்ஷிப்பில் அந்த உறவு கிடையாது. ஒருவர் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரம்தான் இன்னொருவரிடம் போகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று தனக்கு விளக்கப்பட்டதாக ஓஹரே அந்த 2011 நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் போன அவர், தன் பெயரை வைத்துக் குடும்பம் பணம் பார்த்தது என்றார். குடும்பம் மறுத்தது, கல்லூரி விளையாட்டு விதிகளுக்காகவே அந்த ஏற்பாடு என்றது. செப்டம்பரில் நீதிபதி கன்சர்வேட்டர்ஷிப்பை முடித்துவைத்தார்.

பதிமூன்று வயதுப் பையனுக்குக் காட்டலாமா?

தாராளமாக. கூட உட்கார்ந்து பாருங்கள்.

உண்மைக் கதைதானே?

மேலே பதில் இருக்கிறது.

சோறு போட்டவர்கள் மேலேயே வழக்கா? நன்றி வேண்டாமா?

இதே கேள்வியை நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். சரி, விரிவாகவே சொல்கிறேன். நன்றி ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். சொந்தப் பிள்ளை அப்பாவிடம் சொத்துக் கணக்கு கேட்டால் நாம் துரோகி என்று சொல்வதில்லையே. வந்து சேர்ந்த பிள்ளை கேட்டால் மட்டும் ஏன் சொல்கிறோம்? சேர்த்துக்கொண்டது தயவு, எந்நேரமும் வணங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம், அதனால்தான். அப்படி நினைக்கும் இடத்தில் குடும்பம் எங்கே இருக்கிறது?

அப்போ அந்தக் குடும்பம் மோசம் என்கிறீர்களா?

நான் சொல்லவில்லை. ஒரு பையனுக்கு இடமும் படிப்பும் கிடைத்தது பெரிய காரியம். என் குறை படத்தின் மேல்தான். முழுக்கதையும் அந்த வீட்டு அம்மா லீ ஆன் டூஹியின் பார்வையில் நகர்கிறது. அவராக நடித்த சாண்ட்ரா புல்லக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது, நன்றாகவே நடித்தார். ஆனால் குவின்டன் ஆரன் நடித்த மைக்கேலுக்குப் பேசவே அதிகம் கொடுக்கவில்லை. தான் யார், என்ன வேண்டும் என்று அவன் சொல்லும் இடங்கள் குறைவு. டூஹி வீட்டுக்கு வரும் முன்பு அவனைத் தங்கவைத்த மற்றவர்கள் ஓரிரு காட்சியோடு சரி.

கண்ணீர் வந்ததே, அது பொய்யா?

இல்லை. எனக்கும் வந்தது.

இதே மாதிரி வேறு படங்கள் சொல்லுங்களேன்?

இன்றைக்கு இந்தப் படம் மட்டும்.

உண்மையில் நடந்ததா இது?

இரண்டாவது பதிலைப் படியுங்கள், தயவுசெய்து.

ஓஹர் ஆட்டத்தில் எந்த அளவுக்குப் போனார்?

2009இல், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், பால்டிமோர் ரேவன்ஸ் அணி அவரை முதல் சுற்றில், 23ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2013 பிப்ரவரியில் அந்த அணியோடு சூப்பர் பவுல் என்ற சாம்பியன் பட்ட இறுதி ஆட்டத்தை வென்றார். அப்புறம் கரோலினா பேந்தர்ஸுடன் இன்னொரு சூப்பர் பவுல் வரை போனார், அதில் தோல்வி. அந்த ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள், படத்தில் வராத ஓஹரை அங்கே பார்க்கலாம்.