அத்திவாரம் வெட்டத் தம்பியைக் கூப்பிடலாமா?

கேள்வி: எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தைத் திரும்பக் கட்டுகிறோம். சாமான் செலவு வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரருடையது, வேலை சிரமதானம். என் தம்பி 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவன். இன்றுவரை ஒழுங்கான நித்திரை இல்லை. பட்டாசு வெடித்தால் நடுங்குவான், சனத்துக்குள் போகமாட்டான். "வேலைக்கு இறக்கிவிடு, நாலு பேரோடு சேர்ந்தால் எல்லாம் மாறிவிடும்" என்கிறார் மாமா. மாறுமா?
– பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, மாமா சொல்வதில் பாதி சரி.

மனவடு ஆளைத் தனியாக்கிவிடும். பயம் தரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தவிர்த்து, கடைசியில் வீட்டு விறாந்தை மட்டும்தான் மிஞ்சும். கட்டட வேலை என்றால் காலையில் போக ஓர் இடம் இருக்கிறது, பின்னேரம் பார்த்தால் இரண்டு வரி கல் ஏறியிருக்கிறது. "உனக்கு என்ன நடந்தது, சொல்லு" என்று யாரும் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை. கல்லைக் கைமாற்றும்போது வருகிற பேச்சு வரட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை. யாழ்ப்பாணத்தில் பல காலம் பணியாற்றிய மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது, மருந்தும் அந்த மட்டத்தில் வேண்டும் என்று எழுதிவந்தவர்.

மாமா விட்ட பாதி இது. பேரழிவுக்குப் பிறகு மக்களுக்கு வேண்டியவை ஐந்து என்று 2007 இல் ஸ்டீவன் ஹொப்ஃபோலும் அவரோடு சேர்ந்த நிபுணர்களும் எழுதினார்கள்: பாதுகாப்பு, மன அமைதி, எங்களால் முடியும் என்ற எண்ணம், ஆட்களோடு தொடர்பு, நாளை பற்றிய நம்பிக்கை. நல்ல சிரமதானம் ஒன்றில் கடைசி மூன்றும் கிடைக்கும். முதல் இரண்டும் தானாக வராது, நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

போரில் வீடிழந்தவர்களுக்கு இந்திய அரசு கொடுத்த வீட்டுத்திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். 2012 இல் தொடங்கிய கட்டத்தில் கொந்தராத்துக்காரரிடம் கொடுக்காமல், குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் ரூபாயைக் கட்டம் கட்டமாகக் கொடுத்து, நீங்களே கட்டுங்கள் என்று விட்டார்கள். கணவரை இழந்த பெண்கள் மேசனோடு கூலி பேசி, சீமெந்துப் பையை எண்ணி இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிர்வைக் குளிசையால் கொடுக்க முடியாது. காசு போதாமல் கடன் பட்டவர்களும் அதே ஊர்களில் இருந்தார்கள். கடன்காரர் படலையில் வந்து நின்ற பிறகு அவர்களுக்கு நித்திரை ஏது? ஆகவே கட்டினால் மனம் ஆறும் என்று யாராவது மொட்டையாகச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. யார் முடிவெடுக்கிறார், சுமை யார் தலையில் என்றும் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2011 முதல் 'ஒப்பரேஷன் நைட்டிங்கேல்' என்று ஒன்று நடக்கிறது. ஆப்கானிஸ்தானில் காயப்பட்டுத் திரும்பிய படையினரைத் தொல்லியல் அகழ்வுகளில் சேர்த்துக்கொண்டார்கள். மண்ணை மெதுவாகச் சுரண்டும் வேலை பலருக்கு ஆறுதலாக இருந்தது. எங்கள் ஆட்களுக்கு மண் வெட்டுவது என்றால் ஷெல்லடிக்கு ஒளிய வெட்டிய பங்கர்தான் நினைவுக்கு வரும். சேலையைப் பையாகத் தைத்து மண் நிரப்பி அடுக்கிய கைகள் இவை. அதனால் தம்பியை அத்திவாரம் வெட்டக் கூப்பிடாதீர்கள். குழி மூடிய பிறகு வரட்டும். அச்சில் சீமெந்துக் கல் அரியும் இடம் அவருக்குத் தோதாக இருக்கும். ஒரே அசைவு, பெரிய சத்தம் இல்லை, அரிந்த கல் வரிசையாகக் கண்முன்னே காயும். கம்பி கட்டலாம், பெயின்ற் அடிக்கலாம். எது விருப்பம் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் அதற்கும் சரி சொல்லுங்கள், அடுத்த கிழமை திரும்பக் கேட்கலாம்.

எத்தனை மணிக்குத் தொடக்கம், எப்போது தேத்தண்ணி, யார் யார் வருவார்கள் என்பது முதல்நாளே தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும். முதலில் அரை நாள் போதும். இடையில் எழுந்து போனால் பின்னால் ஆள் அனுப்ப வேண்டாம். "சுகமில்லாதவன், பார்த்துக்கொள்ளுங்கோ" என்று மாமா அறிமுகம் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்! அப்புறம் இன்னொன்று: வேலை முடிந்ததும் களைப்புக்கு என்று போத்தல் உடைக்கும் வழக்கம் இருந்தால், தம்பி வரும் நாட்களிலாவது அது வேண்டாம்.

இத்தனை வருட நித்திரையின்மை சிரமதானத்தால் மட்டும் போய்விடாது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிப் போங்கள். அந்த நினைவுகளையே எடுத்துப் படிப்படியாகச் செய்யும் உளவளத்துணை முறைகளுக்கு நல்ல பலன் இருக்கிறது. நித்திரைக் குளிசை மட்டும் வாங்கிப் போட்டுக் காலம் தள்ளுவது சிகிச்சை ஆகாது. சாவதைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும், கட்டடம் காத்திருக்கும்.

கேள்வி: நான் மேசன். என்னோடு வேலை செய்யும் ஒருவர், கூரைத் தகரம் விழுந்த சத்தத்துக்கு நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார். பெடியள் சிரித்தார்கள். அந்த நேரம் என்ன செய்வது?
– ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: தம்பி, பின்னால் போய்த் தொடவோ உலுக்கவோ வேண்டாம். முன்பக்கமாக வந்து, குந்தியிருந்து, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "தகரம்தான் விழுந்தது. நாங்கள் கிளிநொச்சியில் நிற்கிறோம். நான்தான் பக்கத்தில்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். எழுந்ததும் தண்ணீர் கொடுத்து நிழலில் இருத்துங்கள், நடந்ததைப் பற்றி விசாரிக்க வேண்டாம். அன்றைய கூலியில் கை வைக்காதீர்கள். இனிமேல் தகரம் இறக்கும் முன்னும் கிறைண்டர் போடும் முன்னும் யாராவது குரல் கொடுக்கட்டும். காலில் கையில் படாமல் இருக்கத்தான் என்று பெடியளுக்குச் சொல்லிப் பழக்குங்கள். அதுவும் உண்மைதானே, இவருக்காகச் செய்கிறீர்கள் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.